செனகாவின் முகம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்டைய ரோமின் தத்துவஞானி செனகா தன் நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய கடிதங்களைப் படித்துவருகிறேன். 1615இல் ஆண்ட்வெர்ப்பில் அச்சான லத்தீன் பதிப்பின் பக்கங்களை இணையத்தில் பார்த்தேன். அதிலிருந்த செனகாவின் முகம் மனதில் நின்றுவிட்டது. அது அவர் முகமே இல்லையாம். அப்படியென்றால் அந்தப் பழம்பதிப்பை இன்று எதற்காகப் புரட்ட வேண்டும்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆமாம், அது செனகா இல்லை. ஓவியர் ரூபன்ஸ் தன்னிடமிருந்த ஒரு பழைய சிலையைப் பார்த்து வரைந்தது. ஒட்டிய கன்னம், கலைந்த முடி, தாடி. அன்று பலரும் அதைச் செனகா என்றே நம்பினார்கள். 1813இல் ரோமில் பெயர் பொறித்த இரட்டைத்தலைச் சிலை கிடைத்தது. ஒரு பக்கம் சாக்ரடீஸ், மறுபக்கம் செனகா: வழுக்கைத் தலை, சதைப்பிடிப்பான முகம். ரோமப் பேரரசர் நீரோவின் ஆலோசகராக இருந்து பெரும் சொத்து சேர்த்தவர் அப்படித்தானே இருந்திருப்பார்!

ஆனால் அந்தப் பதிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். உரை எழுதியவர் ஜஸ்டஸ் லிப்சியஸ். நெதர்லாந்து மதப்போரில் எரிந்துகொண்டிருந்த காலத்தில், லூத்தரன் யேனா, கால்வினிச லெய்டன், கத்தோலிக்க லூவேன் என்று எதிரெதிர் கிறித்தவப் பிரிவுகளின் பல்கலைக்கழகங்களில் மாறிமாறிப் பாடம் நடத்தியவர். அவருக்குச் செனகா ஓர் ஆராய்ச்சிப் பொருள் மட்டுமல்ல, நிலைகுலையாமல் இருக்கப் பிடித்துக்கொண்ட துணை. பதிப்பு 1605இல் வந்தது, மறுவருடம் இறந்துவிட்டார். ரூபன்ஸின் படங்கள் சேர்ந்தது 1615இல்தான்.

அந்த முகத்தைப் போல, செனகாவைப் பற்றிய தவறான நம்பிக்கைகள் அதற்கு முன்பும் உண்டு. செனகாவும் புனித பவுலும் எழுதிக்கொண்டதாக 14 கடிதங்கள் உலவின. அவற்றை வைத்தே பழங்காலக் கிறித்தவ அறிஞர் ஜெரோம் செனகாவைத் தன் சான்றோர் பட்டியலில் சேர்த்தார். பிறகு பதினாறாம் நூற்றாண்டு அறிஞர் எராஸ்மஸ் அவை போலி என்று சொன்னார், சொல்லிவிட்டு 1529 பதிப்பில் அவற்றையும் அச்சிட்டார். இடைக்காலத்தில் செனகாவுக்குக் கிடைத்த மரியாதையில் அந்தப் போலிக் கடிதங்களுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய செனகாவை உண்டாக்கிக்கொண்டது. அதைப் பழம்பதிப்பில்தான் கண்ணால் பார்க்க முடியும்.

சரி, கடிதங்களைப் படிப்பதற்கு நவீனப் பதிப்பே நல்லது, மூலப்பாடம் திருந்தியிருக்கிறது. 124 கடிதங்களையும் வரிசையாகப் படியுங்கள். 27ஆம் கடிதத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். நான் வைத்தியன் அல்ல, உன்னோடு ஒரே மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளி என்கிறார். ரூபன்ஸின் தவசியைவிட அந்தச் சதைப்பிடிப்பான மனிதர் சொல்வதாகக் கேட்டால்தான் எனக்கு அது உண்மையாகப் படுகிறது.