பிரான்சின் கோஸ் மெஜான் பீடபூமியில் நடக்கும்போது ஏன் எங்கும் தண்ணீர் கிடைப்பதில்லை?

தார்ன், ஜோந்த் ஆறுகளின் பள்ளத்தாக்குகளுக்கு நடுவே சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்தப் பீடபூமி. மழை பெய்யாமல் இல்லை. பெய்த நீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, குகைகள் வழியே ஓடி, கீழே பள்ளத்தாக்கில்தான் ஊற்றாக வெளிவருகிறது. மேலே ஓடையே கிடையாது. வழியில் கல் பாவிய வட்டக் குட்டைகளைப் பார்ப்பீர்கள், 'லவோஞ்' என்பார்கள். ஆடுகளுக்காகக் கட்டியவை, அந்த நீரைக் குடிக்க வேண்டாம். கிளம்பும் ஊரிலேயே ஆளுக்கு மூன்று லிட்டராவது நிரப்பிக்கொள்ளுங்கள், நிழலும் அரிது.

வழிகாட்டத் தீட்டியிருக்கும் குறிகளில் சிவப்பு-வெள்ளைக் கோடு நெடுந்தூரப் பாதை, மஞ்சள் கோடு உள்ளூர்ச் சுற்று. பெருக்கல் குறி தெரிந்தால் அது தவறான வழி, திரும்பிவிடுங்கள்.

ஜோந்த் பள்ளத்தாக்கின் விளிம்பில் மட்டும் அவசரப்படாதீர்கள். 1981 முதல் அங்கே மீண்டும் குடியேற்றப்பட்ட பாறுக் கழுகுகள் உங்கள் காலடிக்குக் கீழே வட்டமிடும்!