சுருங்கிப்போன கிட்னியில் நீர்க்கட்டிகள்

கேள்வி: என் கணவருக்கு வயது 54. சர்க்கரை நோயால் கிட்னி செயலிழந்து 8 வருடமாக டயாலிசிஸ் செய்கிறோம். இப்போது எடுத்த ஸ்கேனில் இரண்டு கிட்னியும் 7 செ.மீ.க்குச் சுருங்கிவிட்டன, உள்ளே நிறைய நீர்க்கட்டிகள் என்று எழுதியிருக்கிறது. வேலையே செய்யாத கிட்னியில் கட்டி எப்படி வரும்? புற்றுநோயா? பிள்ளைகளுக்கும் வருமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பிள்ளைகளை நினைத்துக் கலங்காதீர்கள், சகோதரி. பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோயில் கிட்னி வீங்கிப் பெரிதாகும். பலருக்குக் கல்லீரலிலும் கட்டிகள் இருக்கும். உங்கள் கணவருக்குக் கிட்னி சுருங்கிய பிறகு வந்தவை இவை. பிள்ளைகளுக்குக் கவனிக்க வேண்டியது சர்க்கரையைத்தான்.

டயாலிசிஸ் ரத்தத்தைத்தான் சுத்தம் செய்கிறது. கிட்னியின் நோய் உள்ளே தொடர்கிறது. மிச்சமிருக்கும் நுண்குழாய்கள் தடித்து, அடைபட்டு, நீர் கோத்துக் கட்டியாகின்றன. 1977-இல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் இதை முதன்முதலில் விரிவாக எழுதினார்கள். பத்து வருடம் டயாலிசிஸில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இது உண்டு. தொந்தரவு இல்லாவிட்டால் சிகிச்சையும் தேவையில்லை.

நான் பயப்படுவது ரத்தக்கசிவுக்கு. திடீரென்று விலாப்பக்கம் வலித்தாலோ, சிறுநீர் சிவப்பாகப் போனாலோ, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்கு முன்பே டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் கசிவை அதிகமாக்கும். அன்று அது இல்லாமலே டயாலிசிஸ் செய்ய முடியும். வலியோடு தலைச்சுற்றலும் வியர்வையும் இருந்தால் கட்டி உடைந்திருக்கலாம். அடுத்த டயாலிசிஸ் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "வேலை செய்யாத கிட்னிதானே" என்று வலி மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறார்கள் பலர். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். குளிரும் காய்ச்சலும் வந்தால் கட்டியில் சீழ் பிடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அப்புறம், புற்றுநோய். சாதாரண நீர்க்கட்டி புற்றுநோய் இல்லை. ஆனால் இப்படிக் கட்டிகள் உள்ள கிட்னியில், அதிலும் ஆண்களுக்கு, புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மிகச் சிலருக்கே வருகிறது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கலாம் என்று உங்கள் கிட்னி டாக்டரிடம் கேளுங்கள். கட்டிக்குள் கெட்டியான சதை தெரிந்தால் சி.டி. ஸ்கேன் தேவைப்படும். ரத்தசோகைக்குப் போடும் ஊசியைக் கூட்டாமலே ஹீமோகுளோபின் விறுவிறுவென ஏறினால் சந்தோஷப்பட்டு விட்டுவிடாதீர்கள். சில சமயம் அதற்கும் இந்தக் கட்டிகள் காரணமாக இருக்கும்.

மாற்றுக் கிட்னி பொருத்தினால் கட்டிகள் பெரும்பாலும் சுருங்கும். அதன் பிறகும் பழைய கிட்னிகளை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.