மலையகத்தில் அமில மழை பெய்கிறதா? அதில் நனைந்தால் ஆபத்தா?

கேள்வி: "நான் தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்தவன். அம்மா கொழுந்து பறிக்கிறார். 2021இல் கொழும்புக் கடலில் கப்பல் எரிந்தபோது அமில மழை பெய்யலாம், நனைய வேண்டாம் என்றார்கள். எங்கள் மலைகளிலும் அமில மழை பெய்கிறதா? நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரம் சீக்கிரம் துருப்பிடிப்பது அதனாலா? தடுக்க வழி உண்டா?"

உங்கள் அம்மா படங்கு கட்டிக்கொண்டு மழையில் கொழுந்து பறிப்பதால் அவருடைய தோலுக்கு அமிலத்தால் தீங்கு நேராது. நானும் தோட்டத்தில் பிறந்தவன், இருபது ஆண்டுகளுக்கு மேலாக மலையகத்தில் விஞ்ஞானம் கற்பித்தவன் என்பதால், உங்கள் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. அமில மழை என்ற பெயரைக் கேட்டவுடன் உடலைச் சுடும் திரவம் ஒன்று வானிலிருந்து விழுவதாக மனம் எண்ணிக்கொள்கிறது. அமிலத்தன்மையை பிஎச் என்ற அளவால் குறிக்கிறோம்; எண் குறையக் குறைய அமிலம் கூடும். அமில மழையால் மிகவும் பாதிக்கப்பட்ட இடங்களில் வழக்கமாகப் பெய்த மழையின் பிஎச் பெறுமானமே ஏறத்தாழ 4தான். நாம் சோற்றில் பிழியும் தேசிக்காயின் சாறு 2க்குச் சற்று மேலே நிற்கிறது. பிஎச் அளவில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கைக் குறிப்பதால், அந்த மழையைவிடத் தேசிக்காய்ச் சாறு பல பத்து மடங்கு அமிலத்தன்மை உடையது.

2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது விடுக்கப்பட்ட எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. அந்தக் கப்பலில் 25 தொன் நைத்திரிக்கமிலம் இருந்தது. புகையில் நைதரசன் ஒட்சைட்டுகள் கலந்திருந்தன. அருகிலிருந்த கரையோரத்தில் அப்போது மழையும் பெய்துகொண்டிருந்தது. அது ஓரிடத்தில் சில நாட்கள் நீடித்த நிலைமை. அமில மழை என்று உலகம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பேசிவருவது வேறு: அது மெதுவாக, ஆண்டுக் கணக்கில், மண்ணில் நடக்கும் வேலை.

தூய மழைநீரும் சற்று அமிலமானதே. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு துளியில் கரைந்து மென்மையான காபோனிக்கமிலமாவதால், எந்த மாசும் இல்லாத மழையின் பிஎச் பெறுமானம் ஏறத்தாழ 5.6 ஆக இருக்கும். நிலக்கரியும் கந்தகம் கலந்த எண்ணெயும் எரியும்போது கந்தகவீரொட்சைட்டு வெளிவருகிறது. இயந்திரங்களின் உயர்ந்த வெப்பத்தில் காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகளாகின்றன. இவை முகிலில் சல்பூரிக்கமிலமாகவும் நைத்திரிக்கமிலமாகவும் மாறும்போது மழை 5.6க்குக் கீழே இறங்குகிறது. எரிமலையும் மின்னலும்கூட இவ்வாயுக்களைத் தருகின்றன. ஆனால் கைத்தொழில் நாடுகளில் மழையைக் கெடுத்தவை மனிதர் மூட்டிய தீயும் ஓட்டிய இயந்திரங்களுமே.

இதை முதலில் எழுத்தில் பதிந்தவர் ராபர்ட் அங்கஸ் ஸ்மித் என்ற இரசாயனவியலாளர். ஆலைகள் நிறைந்த மான்செஸ்டரின் மழையை அவர் 1852இல் ஆராய்ந்து எழுதினார்; 1872இல் அமில மழை என்ற பெயரையும் கொடுத்தார். பிற்காலத்தில் நகரத்தின் காற்றைச் சுத்தமாக்கவென்று புகைபோக்கிகளை உயர்த்தினார்கள். கனடாவின் சட்பரியில் 1972இல் இயங்கத் தொடங்கிய புகைபோக்கியின் உயரம் 381 மீற்றர். புகை அண்டை வீட்டை விட்டு நீங்கி அண்டை நாட்டில் இறங்கியது. சுவீடனின் மண்ணியலாளர் ஸ்வாந்தே ஓடேன் 1967இல் இதைத்தான் வெளிப்படுத்தினார்: தம் நாட்டு ஏரிகளில் மீன்கள் அழிவதற்குக் காரணமான கந்தகம் பிரித்தானியாவிலிருந்தும் மத்திய ஐரோப்பாவிலிருந்தும் வருகிறது என்றார். யார் வீட்டு அடுப்பின் புகையோ யார் வீட்டுக் கிணற்றில் சேர்ந்திருக்கிறது என்ற அந்தக் கண்டுபிடிப்பே இந்த விடயத்தில் மிக முக்கியமானதென்று நான் நினைக்கிறேன்.

மண்ணில் நடப்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். மண் துகள்களைப் பற்றியிருக்கும் கல்சியத்தையும் மகனீசியத்தையும் அமிலம் தள்ளிவிட்டு, அவற்றின் இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. தள்ளப்பட்ட சத்துகள் மழைநீரோடு ஓடைக்குப் போய்விடுகின்றன. அமிலம் இன்னும் மிகும்போது, களிமண்ணுக்குள் கட்டுண்டு கிடந்த அலுமினியம் கரையத் தொடங்குகிறது. அது வேர்நுனிகளைக் கருக்குகிறது; ஓடைக்கு வந்தால் மீனின் செவுள்களில் படிந்து அதை மூச்சுத்திணற வைக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல் என்பதால், அங்கே அமிலம் விழுந்தாலும் கல்லே அதைச் சமன்செய்துவிடும். நம் மலைகளில் மாத்தளை, திகன போன்ற சில இடங்களில்தான் அமிலத்தைச் சமன்செய்யும் டொலமைட்டும் சலவைக்கல்லும் உண்டு. பெரும்பகுதி பளிங்குருவான கடும்பாறை. அதன் மேலுள்ள மண் காலங்காலமாக மழையால் கழுவப்பட்டு ஏற்கெனவே அமிலமாகிவிட்ட மண். தாங்கும் சக்தி குறைந்த இந்த மண்ணைத்தான் நாம் கவலையோடு பார்க்க வேண்டும்.

தேயிலைக்கு அமில மண்தானே நல்லது என்று நீங்கள் கேட்கலாம். தேயிலைக்குப் பிஎச் 4.5 முதல் 5.5 வரை பொருந்தும்; அலுமினியத்தையும் அது தாங்கிக்கொள்ளும், முதிர்ந்த இலைகளில் சேர்த்தும் வைக்கும். ஆனால் 4.5க்கும் கீழே இறங்கிய மண்ணில் அதுவும் சோர்ந்துவிடும். நுவரெலியாவில் பயிராகும் கோவாவுக்கும் பீற்றூட்டுக்கும் அந்த அளவு பொறுமைகூட இல்லை. கவ்வாத்து முடிந்த மலையில் டொலமைட் தூவுவதை நீங்கள் சிறுவயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். அமிலம் கழுவிக்கொண்டுபோன அதே கல்சியத்தையும் மகனீசியத்தையும் மண்ணுக்குத் திருப்பிக்கொடுக்கும் வேலை அது. இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: தேயிலை மண்ணை அமிலமாக்குவதில் பெரும்பங்கு வானத்துக்கு உரியதன்று. நாம் போடும் அமோனியம் சல்பேற்றும் யூரியாவும் மண்ணில் நைத்திரேற்றாக மாறும்போதே அமிலத்தை உண்டாக்குகின்றன. மழையைக் குற்றம் சாட்டிவிட்டு உர மூட்டையைப் பாராமல் இருப்பது நியாயமாகாது.

மழையை அளக்கப்போய் நான் செய்த ஒரு தவறு உங்களுக்கு உதவக்கூடும். முதன்முறை மாணவர்களோடு அளந்தபோது, பாடசாலைச் சீமெந்துத் தொட்டியில் சேர்ந்திருந்த மழைநீரில் பிஎச் தாளைத் தோய்த்தோம். அது 7க்கு மேலே காட்டியது. நம் மழை காரமானது என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். சீமெந்திலுள்ள சுண்ணாம்பு நீரில் கரைந்திருப்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். தவறான செய்தியோடு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியது நெடுநாள் உறுத்தியது. மறு ஆண்டு, கூரையோ மரமோ இல்லாத வெளியில் முக்காலி போட்டு, அதன் மேல் கழுவிய பிளாஸ்டிக் தாச்சியை வைத்தோம். வறண்ட மாதங்களுக்குப் பின் பெய்த முதல் மழையில் தாளின் நிறம் 5க்கும் 6க்கும் இடையே நின்றது. அந்தத் தாளால் 5.6ஐயும் 5.2ஐயும் பிரித்துக் காட்ட முடியாது என்பதையும் இம்முறை சேர்த்தே சொன்னேன்.

காற்று எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்திலிருந்து வருகிறது. வழியில் கொழும்பையும் களனிப் பள்ளத்தாக்கையும் கடந்தாலும், அது பெரும்பாலும் கடற்காற்று. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் வடகீழ்க் காற்று இந்திய உபகண்டத்தின் பக்கமிருந்து வருவதால், அங்கே எரியும் நிலக்கரியின் புகையும் அதனோடு வரலாம். நுரைச்சோலையின் 900 மெகாவோற்று நிலக்கரி நிலையம் மலைநாட்டுக்கு வடமேற்கே இருப்பதால், தென்மேற்குக் காற்றின் மாதங்களில் அதன் புகை அனுராதபுரப் பக்கம் நகரும். நமக்கு அருகிலுள்ள பெரிய மூலம் வாகனப் புகையே. கண்டி நகரம் மலைகள் சூழ்ந்த கிண்ணம்போல் இருப்பதால், அங்கே ஊர்ந்து செல்லும் பஸ்களின் புகை கலைய இடமின்றித் தங்கிவிடுகிறது. அந்தப் புகை மழையோடு இறங்குவதற்கு முன்பே மூச்சோடு நெஞ்சுக்குள் போய்விடுகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அதுவே உடனடித் தீங்கு.

மழையைவிட மூடுபனியைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். மூடுபனித் துளியில் நீர் குறைவு. ஆகவே அதே அளவு அமிலம் அதில் செறிந்து நிற்கிறது. பெய்து ஓடிவிடாமல் மணிக்கணக்கில் இலையில் படிந்தும் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலேயுள்ள ஹோட்டன் சமவெளியின் காடு மூடுபனியிலிருந்து நீரை வடித்துக் குடிக்கும் காடு. அங்கே கீன உள்ளிட்ட மரங்கள் நுனியிலிருந்து கருகி மடிவது 1970களின் பிற்பகுதியிலிருந்து கவனிக்கப்பட்டு வருகிறது. வறட்சி, மண் சத்துக் குறைவு, பாரவுலோகங்கள், அமில மூடுபனி எனப் பல காரணங்களை ஆய்வாளர்கள் பரிசீலித்துள்ளனர். ஒன்றே காரணம் என்ற முடிவு எட்டப்படவில்லை. அமில மழைதான் கொன்றது என்று அடித்துச் சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. ஆயினும் களனி, மகாவலி, வளவை ஆறுகளுக்கு நீர் தரும் அந்தக் காட்டின் மூடுபனியைத் தொடர்ந்து அளக்காமல் விடுவதையும் என்னால் ஏற்க முடியாது.

தடுக்க முடியுமா என்றால், தடுத்துக் காட்டியிருக்கிறார்கள். 1979இல் ஜெனீவாவில் ஐரோப்பிய, வட அமெரிக்க நாடுகள் எல்லை தாண்டும் காற்று மாசு பற்றி உடன்பாடு செய்தன; 1985இல் ஹெல்சிங்கியில் கையொப்பமிட்ட நாடுகள் கந்தக வெளியீட்டை 30 சதவீதம் குறைக்க உறுதியளித்தன. ஐக்கிய அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மின் நிலையங்களின் கந்தகவீரொட்சைட்டு 90 சதவீதத்துக்கும் மேலாகக் குறைந்தது. புகைபோக்கியில் சுண்ணாம்புக் கற்கரைசலைத் தெளித்துக் கந்தகத்தை ஜிப்சமாகப் பிடிப்பது, எரிபொருளிலேயே கந்தகத்தைக் குறைப்பது, வாகனப் புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் ஊக்கி மாற்றியைப் பொருத்துவது என்பவையே கையாண்ட வழிகள். தெற்காசியாவிலும் எல்லை தாண்டும் காற்று மாசைக் கட்டுப்படுத்துவதற்கான மாலே பிரகடனத்தில் 1998இல் இலங்கை இணைந்தது. நம் மலைகளின் காசல்ரீ, லக்சபான, மேல் கொத்மலை நீர் மின்சாரத்தில் கந்தகப் புகை இல்லை. அந்த நீர்த்தேக்கங்களின் மேட்டுக்காடுகளைக் காப்பதும் அமில மழையைத் தடுக்கும் வேலைதான். தோட்டத்தில் உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவதும், மண்ணைப் பரிசோதித்து டொலமைட் இடுவதும் நம் கைக்குள் உள்ளவை.

தகரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தகரத்தைக் காப்பது அதன் மேலுள்ள நாகப் பூச்சு, அதாவது துத்தநாகப் பூச்சு. அமிலம் அதை விரைவாகக் கரைக்கும் என்பது சரியே. ஆனால் லயத்தில் தகரத்தின் மேற்பக்கத்தோடு உட்பக்கமும் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். புகைபோக்கி இல்லாத விறகடுப்பின் புகையும் ஆண்டு முழுதும் காயாத ஈரமும் உள்ளிருந்தே அதைத் தின்கின்றன. அம்மாவின் நெஞ்சுக்கும் கண்ணுக்கும் வெளியே பெய்யும் மழையைவிட அந்தப் புகைதான் கெடுதல்; வசதிப்படும்போது முதலில் அடுப்புக்கு ஒரு புகைபோக்கி வையுங்கள். பழைய தகரத்திலிருந்து குடிக்க மழைநீர் பிடிப்பதானால், தொடக்கத்தில் வரும் நீரை ஓடவிட்டு, கூரை நன்றாகக் கழுவப்பட்ட பின் பிடித்து, கொதிக்கவைத்துக் குடியுங்கள். பீலித் தண்ணீர் கிடைக்கும் நாட்களில் அதையும் கொதிக்கவைத்தே குடியுங்கள்.