கறுத்த விரலும் ஆறாத புண்ணும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. புதுச் செருப்பு கடித்ததில் உண்டான புண் ஆறாமல், இடது காலின் சுண்டுவிரல் இப்போது கறுத்துவிட்டது. வலியே இல்லை என்று சொல்லி மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். வீட்டிலேயே மருந்து போட்டுச் சில நாட்கள் பார்க்கலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: பார்க்க வேண்டாம். இந்தப் பதிலைப் படித்த அன்றே அழைத்துச் செல்லுங்கள். வலி இல்லை என்பதை உங்கள் தந்தை ஆறுதலாக எடுத்துக்கொள்கிறார். எனக்கோ உங்கள் கடிதத்தில் மிகவும் கவலை தந்த செய்தி அதுதான். பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருக்கும் சர்க்கரை, பாதத்தின் உணர்வு நரம்புகளைச் சிதைத்துவிடுகிறது. அதனால் செருப்பு கடிப்பதும், முள் தைப்பதும், சுடுமணலில் தோல் வெந்துபோவதும் அவருக்குத் தெரிவதில்லை. அதே காலத்தில் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து வழி குறுகுகிறது. மிகுந்த சர்க்கரையால் வெள்ளை அணுக்களின் போராடும் திறனும் மங்குகிறது. இந்த மூன்றும் ஒரே காலில் கூடும்போது, பிறருக்கு ஒரு வாரத்தில் ஆறிவிடும் கொப்புளம் அவருக்கு ஆறாத புண்ணாகி, ரத்தமும் பிராணவாயுவும் கிடைக்காத திசு செத்துக் கறுக்கிறது. இந்தத் திசு அழுகலைத்தான் கேங்கரின் என்கிறோம்.

கறுத்த விரல் காய்ந்து சுருங்கி, உயிருள்ள தோலுக்கும் அதற்கும் இடையே தெளிவான கோடு தெரிந்தால் அது உலர் அழுகல். ஆய்வு செய்து திட்டமிடச் சற்று அவகாசம் உண்டு. விரல் வீங்கி, தோல் சிவந்து அல்லது கொப்புளித்து, சீழும் துர்நாற்றமும் வந்தால் அது ஈர அழுகல். அதில் கிருமி பாதத்தின் தசைநார் வழியே மேலேறி ரத்தத்தில் கலந்து உயிரையே பறிக்கக்கூடும் என்பதால், அங்கே நாட்களை அல்ல, மணி நேரங்களையே எண்ண வேண்டும். அழுத்தினால் தோலுக்கடியில் காற்று நெறுநெறுப்பது போல் உணர்ந்தால் அது வாயு அழுகலாக இருக்கலாம்; நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்கே செல்ல வேண்டும். காய்ச்சல் இல்லையே என்று அமைதியடைய வேண்டாம். கடுமையான தொற்று இருந்தும் உடல் சுடாத சர்க்கரை நோயாளிகளை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

போகும் வரை அந்தக் காலை ஊன்றி நடக்கவிடாதீர்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மூலிகைப் பற்று எதையும் வைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடினால் போதும். உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊறவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் மிகுதி. மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது என்பதால், அந்த வெந்நீரில் தோல் வெந்தே பலரின் புண் பெரிதாகியிருக்கிறது.

கேள்வி: ஒரு விரலை எடுக்கச் சம்மதித்தால், பிறகு பாதம், அதன் பின் முழங்கால் என்று வெட்டிக்கொண்டே போவார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். இது உண்மையா?
- வாசகி, காரைக்குடி

பதில்: அப்படி நடந்த குடும்பங்கள் இருப்பதால் ஊர் பேசுகிறது, அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கத்தியே நோயைப் பரப்பியது என்ற முடிவு தவறு. வெட்டிய இடம் ஆறுவதற்கும் ரத்தம் வேண்டும். காலின் தமனி மேலே அடைத்திருக்க, அதைக் கவனியாமல் விரலை மட்டும் எடுத்தால், அந்தக் காயமே புதிய ஆறாத புண்ணாகி மேலும் மேலும் எடுக்க வேண்டிவருகிறது. ஆகவே பரவும் தொற்றை உடனே திறந்து வடிக்க வேண்டிய அவசரம் தவிர்த்த மற்ற நிலைகளில், “இந்தக் காலுக்கு ரத்த ஓட்டம் எவ்வளவு இருக்கிறது?” என்பதே நீங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அதை அறிய எளிய வழி உண்டு. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை, ரத்த ஓட்டத்தை ஒலியலையால் அறியும் டாப்ளர் கருவி கொண்டு அளந்து, முன்னதைப் பின்னதால் வகுப்பார்கள். விடை 0.9க்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு என்று பொருள். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளில் தமனி சுண்ணம் படிந்து இறுகிவிடுவதால் சில வேளை எண் பொய்யாக உயர்ந்து காட்டும், அப்போது விரலில் அழுத்தம் அளப்பதும் ஸ்கேனும் உதவும். அடைப்பை பலூன் கொண்டு விரிக்கலாம், அல்லது தொடைச் சிரையை எடுத்து மாற்றுப்பாதை அமைக்கலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கெனவே ரத்தநாள அறுவைச் சிகிச்சைத் துறை இயங்குகிறது. ரத்தம் வந்த பிறகு எடுக்கும் விரல், பெரும்பாலும் ஒரு விரலோடு நிற்கும்.

கேள்வி: என் கணவருக்கு வயது 36, சர்க்கரை இல்லை. பல ஆண்டுகளாகப் பீடி குடிக்கிறார். இரவில் பாதம் எரிகிறது என்று கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டுத்தான் தூங்குகிறார். பெருவிரல் நுனி கறுக்கத் தொடங்கியிருக்கிறது.
- வாசகி, தென்காசி

பதில்: காலைத் தொங்கவிடும்போது புவியீர்ப்பால் சிறிது ரத்தம் இறங்குகிறது, அதனால்தான் அவருக்கு ஆறுதல். இந்த வயதில், இந்தப் பழக்கத்தோடு, இந்த அறிகுறிகள் வந்தால் நாங்கள் முதலில் நினைப்பது பர்கர் நோயை. நியூயார்க் மருத்துவர் லியோ பர்கர் 1908இல் விரிவாக விளக்கிய இந்நோய், பெரும்பாலும் 45 வயதுக்குட்பட்ட, புகைக்கும் ஆண்களின் கை கால்களிலுள்ள சிறிய, நடுத்தர ரத்தக் குழாய்களை வீங்கி அடைக்கச் செய்கிறது. அடைப்பு நுனிக் குழாய்களில் இருப்பதால் பலூனுக்கும் மாற்றுப்பாதைக்கும் பல வேளை இடமிருப்பதில்லை. புகையிலையை முழுவதும் விட்டவர்களில் பெரும்பாலோர் உறுப்பிழப்பிலிருந்து தப்புகிறார்கள். நாளுக்கு இரண்டு பீடி என்று குறைத்துக்கொள்வது போதாது. வாயில் அடக்கும் புகையிலையும் கூடாது. புகையை விடுவதற்காகத் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் நோயைத் தூண்டக்கூடும் என்பதால், விடுவதற்கு வேறு மாத்திரைகளை மருத்துவரிடம் கேளுங்கள். கண்டிப்பதால் மட்டும் யாரும் பீடியை விட்டதாக நான் கண்டதில்லை. அடுத்த பரிசோதனைக்கு நீங்களும் உடன் சென்று, எது எதனால் அடைத்தது என்பதை மருத்துவர் வாயாலேயே அவர் கேட்கும்படி செய்யுங்கள்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, பாதம் மரத்திருக்கிறது. மாதந்தோறும் திருவண்ணாமலையில் கிரிவலம் வருவது வழக்கம். செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்கிறார் மருத்துவர். என்ன செய்வது?
- வாசகர், வேலூர்

பதில்: மருத்துவர் சொன்னதுதான் சரி. 14 கிலோமீட்டர் தூரம் வெறுங்காலில் நடந்தால், உணர்வில்லாத பாதத்தில் எந்த இடத்தில் கொப்புளம் எழுந்தது என்பது வீடு திரும்பிய பின்னும் உங்களுக்குத் தெரியாது. வழிபாட்டைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. வாகனத்தில் வலம் வருவோரும் உண்டு. கோயிலுக்குள் வெயில் ஏறாத காலையில் அல்லது இரவில், கெட்டியான பருத்திக் காலுறையோடு செல்லுங்கள். உச்சி வெயிலில் கருங்கல் தளம் பாதத்தைச் சுட்டுவிடும்.

நீங்கள் வேலூர்க்காரர் என்பதால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் கரைவது சதை தானே அழுகுவதால் அல்ல, உணர்வற்ற பாதம் ஓயாமல் மிதிபடுவதால் என்று காட்டினார். அந்த அறிவே பின்னர் சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் பயன்பட்டது. எம்.சி.ஆர். என்னும் மென்மையான ரப்பர் உள்ளடியுள்ள செருப்பு அவ்வழி வந்தது. பின்பட்டை உள்ளதாக, மாலையில் பாதம் சற்று உப்பியிருக்கும் நேரத்தில் அளவு பார்த்து வாங்குங்கள். விரலிடுக்கில் பிடிக்கும் ரப்பர் செருப்பு உங்களுக்கு ஆகாது. தினமும் இரவில் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் தடவ வேண்டாம். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். ஆண்டுக்கொரு முறையாவது, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாத உணர்வைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விழுந்து கை முறிந்த என் 9 வயது மகனுக்கு மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். விரல்கள் வீங்கி, வலியில் இரவு முழுதும் அழுகிறான். கட்டு பிடிக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள்.
- வாசகி, நாமக்கல்

பதில்: இருக்காது. கட்டுக்குப் பின் வலி குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனால், அல்லது விரல்களை நீட்டிவிடும்போது அலறினால், உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுகொண்டிருக்கிறது. விரல் வெளுப்பதும் மரப்பதும் அதற்கடுத்த நிலை. சில மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும் என்பதால், கட்டை உடனே முழுவதும் அவிழ்த்துவிட்டு, கையை இதய மட்டத்தில் அசையாமல் தாங்கியபடி எலும்பு மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். பாம்பு கடித்த காலில் போடும் இறுக்கமான கயிறும் இதே கேட்டைச் செய்வதே. ஆனால் அந்தக் கயிற்றை மட்டும் வழியில் சட்டென்று அவிழ்க்காமல், விஷமுறிவு மருந்து தயாராக இருக்கும் மருத்துவமனையில் மருத்துவர் அவிழ்க்கும்படி விட்டுவிட வேண்டும்.