குறிஞ்சிப் புதரை எடுத்தால் முள்ளம்பன்றி வராதா?

கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறை விவசாயி ஒருவர் கேட்கிறார்: "கேரட்டை ராத்திரியில் முள்ளம்பன்றி தோண்டித் தின்கிறது. மேட்டு ஓரத்தில் நீலக்குறிஞ்சி மண்டிக் கிடக்கிறது. அதில்தான் பதுங்குகிறது என்கிறார்கள். வேரோடு எடுத்துவிடலாமா?"

தயவுசெய்து எடுக்காதீர்கள். முள்ளம்பன்றி பகலெல்லாம் மண் வளையிலோ பாறை இடுக்கிலோ கிடக்கும். இருட்டியதும் இரை தேடி நடந்து வரும். புதர் போனாலும் வளை அங்கேயேதான் இருக்கும்.

முதலில், வந்தது அதுதானா என்று பாருங்கள். காட்டுப்பன்றி பாத்தியையே உழுதாற்போல் புரட்டிவிடும். முள்ளம்பன்றி செடி செடியாகத் தோண்டும். தழை ஒருபக்கம் கிடக்கும். கடித்துப் போட்ட கேரட்டில் சிற்றுளியால் செதுக்கியதுபோல் பல் தடம் தெரியும். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். பெயரில்தான் பன்றி; எலி, அணில் போலக் கொறிக்கும் பிராணி அது.

தோண்டுகிற பிராணிக்கு மண்ணுக்கு அடியிலும் வேலி வேண்டும். கெட்டியான வெல்டு மெஷ் கம்பிவலையை ஓர் அடி ஆழம் புதைத்து, அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடக்குங்கள். தரைக்கு மேல் மூன்றடி போதும். பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் வரும் என்பதால் அந்தப் பக்கத்தை முதலில் அடைத்துவிடுங்கள். தண்ணீர் போகும் இடைவெளியையும் அடைக்காமல் விடாதீர்கள். அறுவடைக்குப் பிறகு சொத்தைக் கிழங்கை வயலில் போட்டு வைக்க வேண்டாம். சுருக்கு வைப்பதும் வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவதும் சட்டப்படி குற்றம்; ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிற ஆளையும் அது கொல்லும்.

சரி, குறிஞ்சிக்கு வருவோம். ஒரு முள்ளம்பன்றி போனால் இன்னொன்று அதே வளைக்கு வரும். வருஷாவருஷம் குட்டி போடுகிற பிராணி. நீலக்குறிஞ்சி அப்படியில்லை. கொடைக்கானல் மலையில் 2006-ல் பூத்தது, அப்புறம் 2018-ல். ஆயுளில் ஒரே ஒரு முறை பூத்து, விதை முற்றியதும் செடி காய்ந்துவிடும். உங்கள் மேட்டில் நிற்பது 2018-ல் பூத்த செடிகளின் பிள்ளைகள். அவை பூக்க வேண்டியது 2030-ல். அதற்குள் பெயர்த்துவிட்டால் அந்த மேட்டில் உதிர விதையே இருக்காது. மண்ணைப் பிடித்து நிற்கிற வேரும் போய், அடுத்த மழையில் மேட்டு மண் கேரட் பாத்தியில் வந்து இறங்கும்.

புதருக்குள் வளை வாய் கண்ணில் பட்டால் புகை போடாமல், மூடாமல், வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.