சம்பளத்தை இரட்டிப்பாக்கினால் கற்றல் உயருமா?
ஆசிரியர் சம்பளத்தை உயர்த்தினால் மாணவர்கள் நன்றாகப் படிப்பார்களா என்ற கேள்விக்கு இந்தோனேசியா தரும் பதில் சற்றுக் கசப்பானது. அங்கு 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளத்துக்கு இணையான தொகை கூடுதல் படியாகக் கிடைத்தது. ஆய்வுக்கு எடுத்த 360 பள்ளிகளில், குலுக்கல் முறையில் தேர்ந்த ஒரு பகுதிக்கு மட்டும் இந்தப் படி விரைவாகக் கிடைக்க வழிசெய்து ஒப்பிட்டபோது, ஆசிரியர்களின் மனநிறைவு கூடியதும், பணக்கவலையும் பகுதிநேரப் பக்கவேலையும் குறைந்ததும் தெரிந்தன. பிள்ளைகளின் மதிப்பெண்ணோ மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அசையவில்லை.

ஆனால் ஆந்திரக் கிராமப் பள்ளிகளில், ஆண்டுச் சம்பளத்தில் சராசரியாக 3 சதவீதமே வரும் ஊக்கத்தொகையை மாணவர் முன்னேற்றத்தோடு இணைத்தபோது, இரண்டே ஆண்டுகளில் கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி உயர்ந்தது. எவ்வளவு தருகிறோம் என்பதைவிட எதற்காகத் தருகிறோம் என்பதே முக்கியம் என்பது என் கருத்து. எனினும் இந்தோனேசிய ஆய்வு அளந்தது ஏற்கெனவே பணியில் இருந்தவர்களைத்தான். நல்ல சம்பளத்தைப் பார்த்துத் திறமையான இளைஞர்கள் இத்தொழிலுக்கு வருவதால் பின்னாளில் ஏற்படக்கூடிய பலன் அந்தக் கணக்கில் சேராது.