காசு கொடுப்பவருக்கு வேகமான பாதை என்றால் நமக்கென்ன நட்டம்?

கேள்வி: நெட் நியூட்ராலிட்டி, இணையச் சமநிலை என்றெல்லாம் சொல்கிறார்களே, அது மலேசியாவில் இருக்கிறதா? பெரிய நிறுவனங்கள் இணையச் சேவை நிறுவனத்துக்குக் காசு கொடுத்து வேகமான பாதை வாங்கிக்கொண்டால் சாதாரண ஆளுக்கு என்ன நட்டம்?

நான் நெட்வொர்க் படித்தவள் இல்லை. கோலாலம்பூர் செந்தூலில் எஸ்.பி.எம். தேர்வு எழுதும் மாணவர்களுக்குத் தமிழ் டியூசன் எடுக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டேன், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. வீட்டு லைனுக்கு 100 எம்பிபிஎஸ் போதாது, 300 வேண்டும் என்று கூடுதலாகக் கட்டுகிறீர்களே, அது இதில் சேராது. அது உங்களுக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் உள்ள கணக்கு. இங்கே பேச்சு, மறுபக்கம் இருப்பவரிடமும் காசு கேட்பதைப் பற்றி.

என் அக்கா செத்தாப்பாக்கில் ஒரு கொண்டோவில் இருக்கிறாள். மாதாமாதம் மெயிண்டனன்ஸ் கட்டுகிறாள். வாசல் காவலர் ஜாகாவின் சம்பளம் அதிலிருந்துதான் போகிறது. அந்த ஜாகா ஒரு பெரிய டெலிவரி நிறுவனத்திடம் தனியாக மாசக் காசு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனத்துப் பையன் வந்தால் தடுப்புக்கட்டை தானாகத் தூக்கும். வீட்டில் சமைத்துப் பழைய மோட்டாரில் கொண்டுவரும் அம்மாள் வந்தால் ஐசி அடையாள அட்டையைக் கொடு, புத்தகத்தில் எழுது, ஓரமாக நில். இரண்டு மாதம் போனால் அக்கா என்ன சொல்வாள்? "அந்த அம்மா சாப்பாடு எப்பவும் ஆறிப்போயிதான் வருது, விட்டுடு." அது ஆறியது கார்ட் ஹவுஸில் என்பது பதினேழாவது மாடியில் இருப்பவளுக்குத் தெரியப்போவதில்லை. ஜாகா இடத்தில் இணையச் சேவை நிறுவனத்தை வைத்துப் பாருங்கள். இந்த மாதிரி நடக்கக்கூடாது என்பதற்குத்தான் நெட் நியூட்ராலிட்டி என்று பெயர். 2003-இல் டிம் வூ என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் வைத்த பெயர் அது.

அமெரிக்காவில் இது ஊஞ்சல் ஆடுகிறது. தடுக்கக்கூடாது, வேகத்தைக் குறைக்கக்கூடாது, காசு வாங்கிக்கொண்டு யாரையும் முந்தவிடக்கூடாது என்று 2015-இல் அங்குள்ள எஃப்.சி.சி. என்ற தொலைத்தொடர்பு ஆணையம் விதி போட்டது. 2017-இல் அதே ஆணையம் அதை எடுத்துவிட்டது. 2024-இல் திரும்பக் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளிவிட்டது. எனக்கு அதைவிட 2014-இல் நடந்ததுதான் சுவாரசியம். அப்போது காம்காஸ்ட் என்ற இணைய நிறுவனத்தின் லைன் வைத்திருந்தவர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் திக்கித் திக்கி ஓடியது. பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் காம்காஸ்டுக்குக் காசு கொடுத்து நேரடி இணைப்பு எடுத்தது. படம் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. இதில் யாரும் வேகத்தைக் குறைக்கும் பொத்தானை அழுத்தியாக வேண்டியதே இல்லை. இரண்டு நெட்வொர்க் சந்திக்கிற இடத்தில் நெரிசல் முற்றும்போது, அகலப்படுத்தாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே காரியம் ஆகிவிடும்.

அதற்காகப் பெரிய நிறுவனம் வேகமாக வந்தாலே தப்பு என்று சொல்லமாட்டேன். நெட்ஃபிளிக்ஸ் 2012-இலிருந்து தன் படங்கள் நிறைந்த சர்வர் பெட்டிகளை இணைய நிறுவனங்களின் கட்டடத்துக்குள்ளேயே இலவசமாக வைத்துவிட்டுப் போகிறது. நீங்கள் இரவு பார்க்கும் படம் கடல் கேபிளில் நீந்தி வருவதில்லை, கூப்பிடு தூரத்திலிருந்து வருகிறது. அதனால் இன்னொருவருடைய வரிசை பின்னுக்குப் போவதில்லை. பொதுப்பாதையில் நெரிசலும் குறையும்.

தென்கொரியாவில் அனுப்புகிறவர் பக்கமும் காசு கட்டவேண்டும் என்ற முறை 2016-இல் வந்தது. அமேசானின் கையில் இருக்கும், கேம் விளையாடுவதை நேரலையில் காட்டும் ட்விச்சுக்கே கட்டுப்படியாகவில்லை. மற்ற பெரும்பாலான நாடுகளைவிட இங்கே பத்து மடங்கு செலவு என்று சொல்லிவிட்டு 2024 பிப்ரவரியில் கடையைச் சாத்தியது. அமேசான் பிள்ளைக்கே அந்தக் கதி.

சரி, நம்ம ஊருக்கு வருகிறேன். இதற்கென்று தனிச்சட்டம் இங்கே கிடையாது. 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் இணையத் தணிக்கைக்கு இந்தச் சட்டம் இடம்கொடுப்பதாகப் பொருள்கொள்ளக்கூடாது என்று ஒரு வரி உண்டு. அது தணிக்கையைப் பற்றியது, விலையைப் பற்றியதில்லை. பலரும் வேகமான பாதை என்றைக்கோ வரப்போகும் பூதம் என்று நினைக்கிறார்கள். அது நம் ஹேண்ட்போனில் பாஸ் என்ற பெயரில் எப்போதோ குடியேறிவிட்டது. யூடியூப் பாஸ், சோசியல் பாஸ், கேம் பாஸ். குறிப்பிட்ட சில செயலிகளைப் பார்த்தால் கோட்டாவில் டேட்டா கழியாது, மற்றதெல்லாம் கழியும். பாதை வேகமானதில்லை, டோல் இல்லாதது. விளைவு ஒன்றுதான்.

2019-இல் என் அண்ணன் மகன் எனக்கு ஒரு இணையதளம் செய்து கொடுத்தான். வலிமிகும் இடங்கள், வலிமிகா இடங்கள், செய்யுளும் மொழியணியும் என்று வரிசையாக வீடியோ பிடித்துப் போட்டேன். வீடியோவுக்குக் கீழேயே பயிற்சி. பதில் தப்பென்றால் வீடியோவில் அந்த இடத்துக்கே திரும்பக் கூட்டிப்போகும். பிள்ளை எங்கே தடுக்குகிறான் என்று எனக்கும் தெரியும். 2020 மார்ச்சில் எம்.சி.ஓ. என்ற ஊரடங்கு வந்து பள்ளிக்கூடம் மூடியபோது, நல்லவேளை, நாம் தயாராக இருக்கிறோம் என்று நினைத்தேன்.

இருபத்தி மூன்று பிள்ளைகளில் நான்கு பேர்தான் பார்த்தார்கள். ஒரு மாணவனின் அப்பா, லாரி ஓட்டுபவர், ஃபோனில் கூப்பிட்டார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. உங்க வீடியோவ யூடியூப்ல போட முடியாதா?"

"ஏங்கண்ணே, சரியா ஓடலையா?"

"ஓடுது டீச்சர். யூடியூப் எனக்கு ஃப்ரீ. உங்க பேஜத் தொறந்தா டேட்டா போகுது. மூணு பிள்ளைங்களுக்கும் என் ஃபோன் ஒண்ணுதான்."

பன்னிரண்டு நிமிட வீடியோவுக்கு ஏறக்குறைய 100 எம்பி. மூன்று பிள்ளைகள், நாள் ஒன்றுக்கு இரண்டு வீடியோ. அவர் ரீலோட் செய்வதோ வாரத்துக்குப் பத்து ரிங்கிட். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஏப்ரலில் காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணிவரை தினம் 1 ஜிபி இலவச டேட்டா வந்தது. பிறகு அதை ஆண்டு இறுதிவரை நீட்டியபோது கல்வி, வேலை, வீடியோ சந்திப்புச் செயலிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். நல்ல காரியம், பல வீட்டில் பாடம் நடந்ததே அதனால்தான். ஆனால் எது கல்வி என்று பட்டியல் போட ஆரம்பித்தால் அதில் ஊரறிந்த பெயர்கள்தான் ஏறும். செந்தூலில் ஒருத்தி வலிமிகும் இடம் சொல்லிக்கொடுப்பது எந்தப் பட்டியல்காரருக்குத் தெரியும்? யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. பட்டியல் என்றாலே அப்படித்தான்.

எல்லாவற்றையும் யூடியூபுக்கு மாற்றினேன். அந்த வாரமே பத்தொன்பது பேர் பார்த்தார்கள். பயிற்சி போயிற்று. "பூனைக்குட்டி", "பூனைக்கண்" என்று எழுதிக்காட்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஷாம்பு விளம்பரம். பாடம் முடிந்ததும் பக்கத்தில் என்ன வருகிறது என்பது என் கையில் இல்லை. பையன்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: நட்டம் உங்கள் கண்ணுக்குப் படாது. உங்களுக்கு எதுவும் மெதுவாகாது, பில்லும் ஏறாது, சொல்லப்போனால் இலவசமாகவே ஏதோ கிடைக்கும். கடையைத் திறக்கலாமா என்று யோசித்த யாரோ ஒருவர் திறக்காமல் போயிருப்பார், அவ்வளவுதான். இந்தியாவில் 2015-இல் இணையச் சமநிலை கேட்டு டிராய் என்ற தொலைத்தொடர்பு ஆணையத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போய், 2016 பிப்ரவரி 8-இல் அந்த ஆணையம் உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டா விலையை மாற்றக்கூடாது என்று தடைபோட்டது. ஃபேஸ்புக் சில தளங்களை மட்டும் இலவசமாகக் கொடுக்க வந்த ஃப்ரீ பேசிக்ஸ் அதோடு மூட்டை கட்டியது. ஏழைக்கு இலவசமாகக் கிடைப்பதைத் தடுக்கலாமா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. அந்த லாரிக்காரர் முகத்தைப் பார்த்து அந்தத் தடை நியாயம் என்று சொல்ல எனக்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும். அவருக்கு வேண்டியது மலிவான டேட்டா. எங்கே போனாலும் ஒரே விலையில் மலிவான டேட்டா. பாஸ் அதற்குப் பதிலாகக் கிடைத்த சமாதானம்.

அம்மாவுக்கு நேற்றுதான் ரீலோட் செய்தேன். கோயில் நேரலை, பழைய பாட்டு, வேறெதுவும் அவருக்கு வேண்டாம். யூடியூப் பாஸ்தான் போட்டுக்கொடுத்தேன்.

பழைய தளத்தை இன்னும் மூடவில்லை, வருஷாவருஷம் அதன் முகவரிப் பெயருக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் பதினொரு பேர் வந்திருக்கிறார்கள். அதில் இரண்டு நான்.